நாளைப் போவாரும் பாசஞ்சர் வண்டியும்

1

'ரயிலில் ஏறிவிட்டால் சாதி கிடையாது.'

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்க் கருத்தரங்கில் காதால் கேட்ட வாக்கியம் இது. சொன்னவர் நிறையப் படித்தவர், நல்ல மனசுக்காரர், முற்போக்கு முகாமைச் சேர்ந்தவர். நவீனத் தமிழ்ச் சிறுகதையில் ரயில் பெட்டி என்பது தமிழர்கள் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இடம், அக்கிரகாரமும் இல்லாத சேரியும் இல்லாத ஒரு தெரு என்று அழகாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. இவர் எந்த வண்டியில் போய் வந்தார்? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

இந்தக் கட்டுரை அவருக்கான பதில் இல்லை, அந்த வாக்கியத்துக்கான பதில். ஏனென்றால் அது அவர் ஒருத்தருடைய வாக்கியம் இல்லை. நம்ம தோழர்களே சொல்கிறார்கள். நகரத்துக்கு வா, படி, ரயில் ஏறு, சாதி தானாகக் கழன்றுபோகும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பிரச்சினை. முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

நான் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள். 2011இலிருந்து இரண்டு வருஷம் சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் படித்தேன். இப்போது இயக்க வேலையாக, வழக்கு வேலையாக அடிக்கடி சென்னை போகிறேன். எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம். அங்கிருந்து கிழக்கே ஒடித்துப் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம். தலைநகரத்தையும் பல்கலைக்கழக ஊரையும் இணைக்கிற இந்தப் பாதைதான் எனக்குத் தெரிந்த ரயில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி வடமாவட்டத்துக் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தப் பாதையில் போயிருப்பார்கள்! அவர்கள் ஏறிய ரயிலைத் தமிழ் இலக்கியம் எழுதியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

2

'ரயில் சாதியைக் கரைக்கும்' என்ற நம்பிக்கைக்குப் பெரிய இடத்து ஆதாரமே இருக்கிறது. பம்பாய்க்கும் தானேவுக்கும் நடுவில் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே 1853இல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியாவைப் பற்றி எழுதினார். ரயில் வந்தால் அதன் பின்னாடியே நவீனத் தொழில் வரும், பரம்பரைத் தொழில் பிரிவினையின் மேல் நிற்கிற சாதி அதனால் கரைந்துபோகும் என்பது அவர் கணிப்பு. மூன்று வருஷத்தில், 1856இல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. 1908இல் எழும்பூர் நிலையக் கட்டடம் திறந்தார்கள். ரயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சாதியும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

மார்க்ஸ் லண்டனில் இருந்துகொண்டு எழுதினார், அவருக்குத் தெரியாதது இருக்கலாம். இங்கே இருந்துகொண்டே அதை வேதவாக்காக ஒப்பித்தவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது இந்த வாதத்தின் கணுவிலேயே வெட்டினார். சாதி வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைப்பது என்றார். அப்படியானால் புதுசாக எந்த வேலை வந்தாலும் சாதி அதையும் பங்கு போட்டுக்கொள்ளும். ரயிலில் அதுதான் நடந்தது. எஞ்சின் ஒரு கைக்கு, கணக்குப் புத்தகம் ஒரு கைக்கு, தொடப்பம் ஒரு கைக்கு.

ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். தென்னிந்திய ரயில்வேயின் உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. ஒரே வண்டியில் வந்து ஒரே நடைமேடையில் இறங்கியவர்கள் இட்லி தின்பதற்கு இரண்டாகப் பிரிந்து போனார்கள். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் விடாமல் போராடி 1941இல்தான் இந்தப் பிரிவினை ஒழிந்தது. கொண்டாட வேண்டிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பிராமணர், மற்றவர். இந்த 'மற்றவர்' என்கிற சொல்லுக்குள் எங்கள் தாத்தா இருந்தாரா? அவர் உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் பக்கத்து இலைக்காரர் எழுந்திருக்காமல் சாப்பிட்டிருப்பாரா? இரண்டு அறைகளின் கதையைச் சொல்கிறவர்கள், அறைக்கு வெளியில் நின்று சோத்துமூட்டையைப் பிரித்தவனின் கதையைச் சொல்வதில்லை.

3

சிதம்பரத்துக்குப் போவது என்றால் நமக்கு வேறு ஒருத்தர் ஞாபகம் வரவேண்டும். திருநாளைப்போவார்.

பெரியபுராணத்தில் நந்தனைத் தடுப்பது அவனுடைய சொந்தத் தயக்கம். தன் பிறப்பை நினைத்து நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறான். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் அதை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கியபோது சேக்கிழாரிடம் இல்லாத ஒரு ஆளைக் கொண்டுவந்தார். பண்ணைக்காரப் பிராமணர். நந்தன் ஊரைவிட்டுப் போக அவர் உத்தரவு வேண்டும். அறுப்பை முடி, நடவை முடி, அப்புறம் போ. பக்தியைப் பாட வந்த பாரதியார் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பண்ணையடிமையின் வாழ்க்கையை எழுதிவிட்டார். பண்ணையடிமைக்கு உழைப்பு மட்டும் சொந்தமில்லை என்பது இல்லை, கால்நடையும் சொந்தமில்லை. ஊரைவிட்டு ஒரு நாள் போய்வர இன்னொருத்தன் அனுமதி வேண்டும்.

அந்தக் கீர்த்தனை மேடைமேடையாகப் பாடப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேதான், 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில், சிதம்பரத்துக்கு ரயில் வந்தது. இதை நம்ம விமர்சகர்கள் சேர்த்து வாசித்ததில்லை. காசு கொடுத்தால் டிக்கெட். பண்ணையார் உத்தரவு தேவையில்லை. நந்தனின் 'நாளை'யை 'இன்றைக்கு' ஆக்கியது சிவபெருமான் இல்லை, மூன்றாம் வகுப்புப் பெட்டி. நான் முன்னே சொன்ன பாதி உண்மை இதுதான். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாகப் பண்ணையைவிட்டுக் கிளம்பி, விடிவதற்குள் பட்டணத்தில் கூலியாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களில் பல பேர்.

ஆனால் ரயில் சிதம்பரம் நிலையம் வரைக்கும்தான் கொண்டுபோகும். அதற்கு அப்புறம்?

நிலையத்தில் இறங்கினால் மேற்கே கோயில், கிழக்கே பல்கலைக்கழகம். எம்.ஏ. முதல் நாள் இறங்கியபோது எனக்கு இந்த இரண்டும்தான் தெரியும். ஓமக்குளத்தில் மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. ஆரணிப் பக்கத்தில் பிறந்து சிதம்பரத்துக்கு வந்த சுவாமி சகஜானந்தர் 1916இலேயே அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிச் சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விடுதியும் நடத்தினார். பல்கலைக்கழகம் வந்தது 1929இல். அதாவது பல்கலைக்கழகம் வருவதற்கு 13 வருஷம் முன்னாடியே அந்த ஊருக்கு ரயிலேறிப் படிக்க வந்த பறையர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். 'பல்கலைக்கழக நகரம்' என்கிற பெருமைப் பேச்சில் இந்த 13 வருஷம் எங்கே போனது? இரண்டு வருஷம் தமிழ் படித்தேன். நந்தனைப் பற்றி மூன்று தேர்வில் எழுதினேன். சகஜானந்தரை ஒரு தேர்விலும் யாரும் கேட்கவில்லை.

4

இப்போது கதைகளுக்கு வருவோம்.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' தமிழின் மிகச் சிறந்த ரயில் கதை என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பத்து வயசுப் பெண்குழந்தை வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகிறது. பெட்டியில் வருகிற சின்னப் பையன் தன்னிடமிருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை. வாசித்துவிட்டு அழாதவர்கள் குறைச்சல். நானும் அழுதேன்.

அழுது முடித்தபின் இரண்டாம் தடவை வாசிக்க வேண்டும். விமர்சனம் என்பது அதுதானே. அந்தப் பழத்தைக் கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் வறுமை மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு பழம் அந்தத் தூரத்தைக் கடக்க முடிகிறது. பெட்டியில் வேறு எந்தத் தூரமும் இல்லை. சாதி என்கிற விஷயம் கதைக்குத் தேவைப்படவே இல்லை. இதை ஜானகிராமன் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் பார்த்த பெட்டி அது, அதை நேர்மையாக எழுதினார். குற்றம் எங்கே வருகிறதென்றால், இந்த ஒரு பெட்டியைத் தமிழ் ரயில் முழுவதற்கும் மாதிரியாக வைக்கிறார்களே, அங்கே. மனிதாபிமானம் என்கிற சொல் விமர்சகர்கள் கையில் எவ்வளவு வசதியான சொல்! மனிதர்கள் யார் யார் என்று கேட்காமலேயே அபிமானம் காட்டிவிடலாம்.

பக்கத்தில் இன்னொரு பிரதியை வைக்கிறேன். பாமாவின் 'கருக்கு', 1992. ரயில் இல்லை, பஸ். லீவுக்கு ஊருக்கு வரும் படித்த பெண்ணின் பக்கத்தில் ஆதிக்க சாதி அம்மா ஒருத்தி உட்காருகிறாள். எந்த ஊர் என்கிறாள். எந்தத் தெரு என்கிறாள். சேரி என்று தெரிந்ததும் வேற சீட்டுக்குப் போய்விடுகிறாள். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா என்ன சொல்கிறாள்? அவங்க சாதியையே சொல்லிவிடேன், அவளுக்கு எப்படித் தெரியப் போகுது என்கிறாள். இதில் எனக்கு ஆதிக்க சாதிக்காரி முக்கியமில்லை. அவள் எதிர்பார்த்த ஆள்தான். அம்மாவின் யோசனைதான் முக்கியம். எத்தனை தலைமுறை அனுபவம் இருந்தால் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இப்படி ஒரு பொய்யைக் கட்டுச்சோறு மாதிரி கட்டிக் கொடுப்பாள்!

மூன்றாவது, அம்பேத்கர் தன் கைப்பட எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1901. ஒன்பது பத்து வயசுப் பையன், அண்ணன், அக்கா பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறான். புதுச் சட்டை, புதுக் குல்லா. முதல் ரயில் பயணம், ஒரே குஷி. வண்டிக்குள் ஒரு சங்கடமும் இல்லை. மசூர் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் எல்லாம். நல்ல உடுப்பைப் பார்த்து பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், 'மஹார்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். இரட்டைக் கூலி தருகிறோம் என்றாலும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற வரவில்லை. கடைசியில் பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான் என்று ஒப்பந்தமாகிறது.

ரயில் பெட்டியைப் பற்றி இதைவிடக் கச்சிதமான விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை. சொல்லாதவரைக்கும் நீ பயணி. சொன்ன நிமிஷம் நீ யார் என்பது வேறு. ரயில் தந்தது சமத்துவம் இல்லை, முகம் தெரியாமை. இரண்டும் ஒன்று மாதிரி இருக்கும். ஒன்றில்லை. முகம் தெரியாமைக்கு ஆயுசு கம்மி. பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

5

என் சாட்சியத்துக்கு வருகிறேன். விமர்சனக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இதழைத் தவறிப்போய் வாங்கியிருக்கிறார்கள்.

2011. விழுப்புரத்திலிருந்து மாயவரம் பாசஞ்சர், பெண்கள் பெட்டி. மீட்டர்கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டு, மறுபடி வண்டி ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம்தான். எதிரே ஒரு அம்மா. கையில் முந்திரிப் பை. முந்திரி கொடுத்தார், வாங்கித் தின்றேன். அப்புறம் ஆரம்பித்தது.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அட, எங்க நாத்தனாரக் குடுத்த ஊருதான். யாரு வூட்டுப் பொண்ணு?"

அப்பா பேரைச் சொன்னேன். பேரில் பிடி கிடைக்கவில்லை.

"ஊர்லயா, காலனியிலயா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு முன்னால் எந்தக் கேள்வியும் கேள்வி இல்லை. தென்மாவட்டத்தில் தெரு கேட்பார்கள், இங்கே ஊரா காலனியா. நான் 'ஊர்லதான்' என்றேன். எந்தத் தெரு என்றார். மாரியம்மன் கோயில் தெரு என்றேன். எங்கள் அம்மா நடவுக்குப் போகும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த தெரு. அந்தம்மா முகம் மலர்ந்து இன்னும் ரெண்டு பிடி முந்திரியை மடியில் கொட்டினார். அதையும் தின்றேன். மனசறிஞ்சு தின்றேன். 'கருக்கு'வை அந்த செமஸ்டரில்தான் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

டிக்கெட் கவுண்டர் பற்றியும் ஒன்று. லீவுக்கு ஊர் போகிற மாணவர்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம் வரை. போராடிப் பெற்ற உரிமை. அதற்கான படிவத்தைக் கல்லூரியில் வாங்கி நீட்ட வேண்டும். ஒரு கவுண்டரில், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, உள்ளே இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி 'எஸ்.சி. கன்செஷனா?' என்றார். பின்னால் நின்றது என் வகுப்புப் பிள்ளைகள். அடுத்த தடவையிலிருந்து நாங்கள் மூன்று பேர் முழு டிக்கெட் எடுத்தோம். சலுகை யாருக்குப் போய்ச் சேரவில்லை, ஏன் என்று கணக்கெடுப்பவர்கள் இந்த மாதிரி இடத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை இதுவரைக்கும் நான் எங்கேயும் எழுதவில்லை.

ஒரு ஜங்ஷன். காலை நேரம். வண்டி நின்றிருக்கிறது. நான் ஜன்னலோரம், கையில் புத்தகம், பக்கத்தில் தோழிகள். எதிர்த் தண்டவாளத்தில் நாலைந்து பெண்கள் குழாய் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சி, தொடப்பத்தால் தள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். எதைத் தள்ளினார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதில் ஒருத்தர் எங்கள் சின்னம்மா. ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது, எங்களுக்கு 'ரயில்வேல வேல' என்று சொல்லியிருந்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேற பக்கம் திரும்பிக்கொண்டார். என் தோழிகள் முன்னால் எனக்கு அவமானம் வரக்கூடாது என்று அவர் திரும்பினார். நான் கூப்பிடவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

அந்தம்மாவுக்கு நான் சொன்னது ஒரு பொய். சின்னம்மாவிடம் சொல்லாமல் விட்டது இரண்டாவது.

6

ரயில் பெட்டியின் கழிப்பறைக் கதவில் ஒரு அறிவிப்பு இருக்கும். நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்த வேண்டாம் என்று. எல்லோரும் வாசித்திருக்கிறோம். இலக்கியப் பிரதியைக் கட்டுடைக்கிற தோழர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டுடைத்துப் பார்த்திருக்கிறார்களா? நிலையத்தில் வேண்டாம். அப்படியானால் நிலையத்துக்கு வெளியே, வயலோரம், காலனியோரம் பரவாயில்லை. யாருக்காக வேண்டாம்? நடைமேடையில் நிற்கிற பயணியின் மூக்குக்காக. கீழே இறங்கி அதை அள்ளுகிற ஆள் அந்த வாக்கியத்திலேயே இல்லை. எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை.

கையால் மலம் அள்ளவைப்பதைத் தடை செய்து 1993இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு இருபது வருஷம் ஆனபோதும் ரயிலின் கழிப்பறை தண்டவாளத்தின் மேல்தான் திறந்திருந்தது. சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. 2013இல் புதுச் சட்டம் வந்தபோது தண்டவாளத்தை அதில் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, பாதுகாப்புக் கருவி கொடுத்து வேலை வாங்கினால் அது இந்தக் கணக்கில் வராது என்று ஒரு சந்தும் வைத்தார்கள். கையுறை போட்டால் மலம் வேற ஏதோவாக மாறிவிடும் போல! 2014 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ரயில்வே காலவரம்பு வைத்து இதை ஒழிக்க வேண்டும் என்றது. பெட்டிக்கு அடியிலேயே தொட்டி வைத்த உயிரிக் கழிப்பறைகளை 2019–20 வாக்கில் ஏறத்தாழ எல்லாப் பயணிகள் பெட்டியிலும் பொருத்தி முடித்தார்கள். அதாவது முதல் ரயில் ஓடி நூற்று அறுபத்துச் சொச்சம் வருஷம் கழித்து. அத்தனை காலமும் இந்தத் தண்டவாளங்களைச் சுத்தம் செய்தவர்கள் எந்தச் சாதி என்று எந்த மார்க்சிஸ்ட் தோழரிடமும் கேளுங்கள், தயங்காமல் சொல்வார். சாதியைக் கரைக்க வந்த எந்திரம் சாதிக்கு ஒரு புது வேலையைப் பெற்றுக்கொடுத்தது, அதுவும் நிரந்தர வேலையாக.

தண்டவாளத்துக்கு இன்னொரு வாசிப்பும் வந்துவிட்டது. 2013 ஜூலையில் தர்மபுரியில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். நான் எம்.ஏ. முடித்த வருஷம். விசாரணை ஆணையம் தற்கொலை என்றது. பிரித்து எடுக்கப்பட்ட ஒரு காதலின், எரிக்கப்பட்ட மூன்று காலனிகளின் தொடர்ச்சியை அந்த ஒரு சொல்லில் அடைக்க முடியுமா என்று நம்மில் பலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2015 ஜூனில் பள்ளிபாளையம் பக்கத்தில் கோகுல்ராஜ். கொன்று, தண்டவாளத்தில் போட்டு, தற்கொலை என்று நம்பவைக்கப் பார்த்தார்கள். 2022இல் நீதிமன்றம் அதைக் கொலை என்று சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்தது. கொன்றவர்கள் ரயிலைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தார்கள். முகம் தெரியாமல் உட்காரலாம் என்று எந்த ரயிலை நம்பினோமோ, அதன் பாதையிலேயே ஒரு இளைஞனை முகம் தெரியாமல் ஆக்கப் பார்த்தார்கள்.

7

அப்படியானால் ரயிலை விட்டுவிடலாமா? இல்லை. அந்த ஆடம்பரம் நமக்குக் கிடையாது.

கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்துக் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயை முப்பது ஆக்கினார்கள். மறுபடி பத்து ஆனது 2024இல்தான். நடுவில் விடியக்காலையில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பூ, கீரை, மீன் கூடைக்காரப் பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? எந்தப் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்திலும் அது பொருளாகவில்லை. ரயில் நம்முடையது. அதற்காகச் சண்டை போட வேண்டும். ஆனால் அது சமத்துவபுரம் என்று யாராவது கவிதை வாசித்தால் கை தட்டக் கூடாது.

சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் போகிற பயணிக்கு விழுப்புரம் என்றால் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கிற, டீ குடிக்கிற இடம். நமக்கு விழுப்புரம் என்றால் 1978 ஜூலை. நகரத்துக்குள்ளேயே 12 தலித்துகள் கொல்லப்பட்ட ஊர். அதே ஊரிலிருந்து எழுத வந்த விழி. பா. இதயவேந்தன் தன் கதைத் தொகுதிக்கு 'நந்தனார் தெரு' என்று பேர் வைத்தார். 2022இல் அவரை இழந்தோம். அந்தத் தலைப்பை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நந்தன் சிதம்பரத்தில் ஜோதியில் கலந்துவிட்டான் என்று புராணம் முடித்துவிட்டது. இல்லை, அவனுக்கு ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவில் அவன் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள் என்று விழுப்புரத்திலிருந்து ஒருத்தர் திருத்தினார். தலித் இலக்கியம் செய்கிற வேலை அதுதான். போய்ச் சேர்ந்த கதையைச் சொல்கிறவர்களிடம், எந்தத் தெருவிலிருந்து கிளம்பினான் என்பதைக் கேட்பது. பக்கத்து சீட்டுக்காரி கேட்கிற அதே கேள்விதான். அவள் விலகி உட்காரக் கேட்கிறாள், நாம் சேர்த்து எழுதக் கேட்கிறோம்.

ஆகவே எழுதுகிற தோழர்களுக்கு, குறிப்பாக இப்போது சிதம்பரத்திலும் பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் படிக்கிற தங்கைகளுக்கு, தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பனைமரத்தை நிறைய எழுதியாகிவிட்டது. தண்டவாளத்தில் இறங்கி நின்று ரயிலைப் பார்த்து ஒரு கதை எழுதுங்கள். சலுகைப் படிவத்தை நீட்டுகிற கையை எழுதுங்கள். நீங்கள் சொன்ன பொய்யை எழுதுங்கள். நம்முடைய பொய்களும் சாட்சியம்தான், அவை யாரால் சொல்லப்பட்டன என்பதைவிட யாரால் சொல்லவைக்கப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதும்போது.

போன மாசம் சிதம்பரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். அதே பாதை, பெண்கள் பெட்டி, நிற்க இடமில்லாத கூட்டம். பண்ருட்டியில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். ஊர் கேட்டார், சொன்னேன். ஊரா காலனியா என்றார். காலனி என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போல, எதிரே இருந்தவர்களும் பார்த்தார்கள். அந்தம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை. போவதற்கு வேற இடம் இல்லை, கூட்டம் அப்படி. இதைச் சமத்துவம் என்று நான் எழுத மாட்டேன். நெல்லிக்குப்பம் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே தோள் இடிக்க உட்கார்ந்து போனோம்.

இறங்கியதும் சின்னம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அன்னைக்கு ஜங்ஷன்ல உன்னப் பாத்தேன் சின்னம்மா" என்றேன். "தெரியும்டி" என்றார். "படிக்கிற புள்ள, எறங்கி வந்துடப் போறியேன்னுதான் திரும்பிக்கிட்டன்."